வக்கீல் அங்கியைக் கொளுத்திய சிங்காரவேலர்: 68 வயதில் 10 ஆண்டு ஜெயில்!

சென்னை ஐகோர்ட்டு வக்கீல் அவர். கையில் தொழில் இருந்தது. ஊரில் பேர் இருந்தது. கடற்கரைச் சாலையில் சொந்த வீடு இருந்தது. வீடு நிறைய புத்தகங்கள் இருந்தன.

1921-ம் ஆண்டு ஒரு நாள், கோர்ட்டுக்குப் போட்டுக்கொண்டு போகும் கறுப்பு அங்கியை எல்லோரும் பார்க்கத் தீ வைத்துக் கொளுத்தினார். இனி வெள்ளைக்காரன் கோர்ட்டில் வாதாடுவதில்லை என்று முடிவு கட்டிவிட்டார்.

அப்போது அவருக்கு வயது 61. மற்றவர்கள் பேரன் பேத்தியோடு திண்ணையில் உட்காரும் வயது. அவருக்கு அதற்கு அப்புறம்தான் கதையே ஆரம்பம். மே தினக் கொடி, சதி வழக்கு, மாநகராட்சி கவுன்சிலர் பதவி, ரெயில் வேலைநிறுத்தம், ஜெயில் எல்லாமே 60-ஐத் தாண்டிய பிறகு வந்தவை.

அவர்தான் ம.சிங்காரவேலர்.

குப்பத்தில் பிறந்தவர்

மெரினா கடற்கரையை ஒட்டி இருக்கிறது அயோத்தியா குப்பம். மீனவர்கள் வாழும் இடம். அங்கே 1860-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 18-ந் தேதி வெங்கடாசலம், வள்ளியம்மை தம்பதிக்குப் பிறந்தார் சிங்காரவேலர்.

அந்தக் காலத்தில் குப்பத்துப் பையன் பள்ளிக்கூடம் போவதே பெரிய விஷயம். இவர் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப்பள்ளியில் படித்தார். மெட்ரிகுலேஷன் தேறினார். கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனார். மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். அதோடு விடவில்லை. சட்டக் கல்லூரியில் சேர்ந்து 1907-ல் பி.எல். பட்டம் வாங்கினார். அப்போது வயது 47. பிள்ளைகளைப் படிக்க வைக்கும் வயதில் தானே பரீட்சை எழுதிய மனிதர்!

படிப்பு ஒரு பைத்தியம் மாதிரி அவரைப் பிடித்திருந்தது. விஞ்ஞானம், தத்துவம், பொருளாதாரம் என்று எது கிடைத்தாலும் வாங்குவார், படிப்பார். ஆயிரக்கணக்கான புத்தகங்கள் சேர்ந்தன. தனி ஆள் வீட்டில் அவ்வளவு பெரிய நூல்நிலையம் அன்றைய சென்னையில் அபூர்வம்.

சாதி ஒழிய வேண்டும் என்ற எண்ணம் இளம் வயதிலேயே வந்துவிட்டது. அதனால் புத்தர் பக்கம் போனார். பேராசிரியர் லட்சுமி நரசு, அயோத்திதாச பண்டிதர் ஆகியோர் சென்னையில் பவுத்தம் பேசிய காலம் அது. மகாபோதி சங்கக் கூட்டங்கள் சிங்காரவேலர் வீட்டிலேயே நடந்தன. குரங்கிலிருந்து மனிதன் வந்த கதையை, அதாவது டார்வினின் கொள்கையை, அங்கே சாதாரண ஜனங்களுக்கு விளக்கிச் சொல்வார். பின்னாளில் தொழிலாளர் தலைவராக விளங்கிய திரு.வி.க.வும் வாலிப வயதில் அந்தப் பேச்சைக் கேட்டவர்களில் ஒருவர்.

பஞ்சாப் படுகொலை

1919-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந் தேதி. அமிர்தசரஸ் நகரில் ஜாலியன்வாலாபாக் மைதானத்தில் கூடியிருந்த ஜனங்கள் மீது ஜெனரல் டயர் துப்பாக்கியால் சுடச் சொன்னான். நூற்றுக்கணக்கானவர்கள் பிணமானார்கள். நாடே கொதித்தது.

சிங்காரவேலர் காங்கிரசுக்குள் வந்தார். காந்தி ஒத்துழையாமை இயக்கத்தை அறிவித்தார். பட்டத்தை விடு, பள்ளிக்கூடத்தை விடு, கோர்ட்டை விடு என்பது திட்டம். எத்தனையோ வக்கீல்கள் தொழிலைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தார்கள். பிற்பாடு திரும்பவும் கோர்ட்டுக்குப் போனவர்களும் உண்டு. இவர் அந்த வழியே இல்லாமல் அங்கியையே கொளுத்திவிட்டார்.

அதே 1921-ல் பெரம்பூர் பக்கிங்காம், கர்நாடிக் மில்களில் பெரிய வேலைநிறுத்தம். வட சென்னைக்காரர்களுக்கு 'பி அண்டு சி மில்' என்று சொன்னால்தான் புரியும். மாதக்கணக்கில் நீடித்தது. புளியந்தோப்பில் தொழிலாளிக்கும் தொழிலாளிக்குமே சாதிச் சண்டை மூண்டது. குடிசைகள் எரிந்தன. போலீஸ் சுட்டது. உயிர்கள் போயின.

சிங்காரவேலர் வேலைநிறுத்தக்காரர்கள் பக்கம் நின்றார். கம்பெனி முதலாளியிடம் தோற்றதை விட, ஏழையும் ஏழையும் அடித்துக்கொண்டதுதான் அந்தப் போராட்டத்தின் பெரிய தோல்வி. சாதியைத் தொடாமல் சங்கம் நடத்த முடியாது என்பதை இந்த ஊர் அன்றைக்கே ரத்தம் சிந்திப் பார்த்துவிட்டது.

ஊரே அடைத்தது

1922-ம் ஆண்டு ஜனவரி 13-ந் தேதி வேல்ஸ் இளவரசர் சென்னைக்கு வந்தார். பிரிட்டிஷ் மகாராஜாவின் மூத்த மகன். பின்னாளில் எட்டாம் எட்வர்டு என்று பட்டத்துக்கு வந்து, ஒரு பெண்ணுக்காக அதை விட்டுக் கொடுத்தாரே, அவரேதான்.

வரவேற்புக்கு சர்க்கார் தடபுடலாக ஏற்பாடு செய்தது. இந்தப் பக்கம் சிங்காரவேலரும் காங்கிரஸ் தொண்டர்களும் கடையடைப்புக்கு ஏற்பாடு செய்தார்கள். அன்றைக்கு ஊர் அடைத்துக் கிடந்தது. நகரில் கலவரமும் நடந்தது. கலவரத்தை அவர் விரும்பவில்லை. ஆனால் கடையடைப்பை நடத்திக் காட்டிய ஆள் யார் என்பது போலீசுக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. அன்று முதல் அவர் மீது ஒரு கண்.

கயாவில் பரபரப்பு

1922 டிசம்பரில் பீகாரில் உள்ள கயாவில் காங்கிரஸ் மாநாடு. தலைவர் சி.ஆர்.தாஸ். தேசமெங்கும் இருந்து பிரதிநிதிகள் வந்திருந்தார்கள். சட்டசபைக்குப் போகலாமா, கூடாதா என்று தலைவர்களுக்குள் பெரிய சண்டை.

அந்தச் சந்தடியில் சென்னையிலிருந்து போன வெள்ளைத் தாடிக் கிழவர் எழுந்தார். தான் ஒரு கம்யூனிஸ்டு என்று பகிரங்கமாகவே சொன்னார். தொழிலாளியையும் விவசாயியையும் சேர்க்காமல் சுயராஜ்யம் வராது என்று வாதாடினார். கம்யூனிஸ்டு என்ற வார்த்தையைக் கேட்டாலே சர்க்கார் நடுங்கிய காலம். ரஷ்யாவில் புரட்சி நடந்து 5 வருஷம்தான் ஆகியிருந்தது. காங்கிரஸ் மேடையில் நின்று ஒருவர் அப்படிச் சொன்னது எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. தொழிலாளர் பிரச்சினைக்காக மாநாடு அமைத்த கமிட்டியில் அவரையும் போட்டார்கள்.

ஒரே நாளில் 2 கூட்டம்

1923-ம் ஆண்டு மே மாதம் 1-ந் தேதி.

சென்னையில் அன்று 2 இடங்களில் பொதுக்கூட்டம். ஒன்று ஐகோர்ட்டுக்கு எதிரே உள்ள கடற்கரையில். இன்னொன்று திருவல்லிக்கேணி கடற்கரையில். இந்தியாவிலேயே முதன்முதலாக மே தினம் கொண்டாடப்பட்டது அன்றுதான். கல்கத்தா, பம்பாய் எல்லாம் பெரிய தொழில் நகரங்கள். ஆனால் முந்திக்கொண்டது சென்னை!

செங்கொடி ஏற்றினார்கள். கொடிக்குச் சிவப்புத் துணி கிடைக்காமல், தன் மகளின் சிவப்புச் சேலையைக் கிழித்துக் கொடி செய்தார் சிங்காரவேலர் என்று இன்றைக்கும் தொழிற்சங்கக்காரர்கள் சொல்வார்கள்.

அன்றே ஒரு புதுக் கட்சியையும் அறிவித்தார். பெயர் 'இந்துஸ்தான் தொழிலாளர் விவசாயிகள் கட்சி'. மே 1-ந் தேதியை விடுமுறை நாளாக அறிவிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அடிதடி வேண்டாம், அகிம்சை வழிதான் என்றும் சொன்னார்கள். தமிழில் 'தொழிலாளன்', ஆங்கிலத்தில் 'லேபர் கிசான் கெஜட்' என்று 2 பத்திரிகைகளும் நடத்தினார்.

மே 1-ந் தேதி வீட்டில் உட்கார்ந்து லீவை அனுபவிப்பவர்கள் எத்தனை பேருக்கு இந்தக் கிழவரின் பெயர் தெரியும்? மெரினாவில் 4 பேர் பாறையைப் புரட்டுகிற மாதிரி நிற்கிறதே, உழைப்பாளர் சிலை, அது அவர் இறந்து 13 வருஷம் கழித்து 1959-ல் வைத்தது.

தபாலைப் பிரித்த போலீஸ்

இனிமேல்தான் துப்பறியும் கதை.

எம்.என்.ராய் என்ற வங்காளி வெளிநாட்டில் இருந்தார். ரஷ்யப் புரட்சித் தலைவர்களோடு பழகியவர். அங்கிருந்தபடியே இந்தியாவில் உள்ள ஆட்களுக்குக் கடிதம் எழுதுவார். பம்பாயில் டாங்கே, கல்கத்தாவில் முசாபர் அகமது, சென்னையில் சிங்காரவேலர்.

கடிதம் தபாலில் வரும். ஆனால் வந்து சேருவதற்கு முன்பே ரகசியப் போலீசார் அதைப் பிரித்துப் பார்ப்பார்கள். போட்டோ எடுப்பார்கள். அப்புறம் பழையபடி ஒட்டி அனுப்பிவிடுவார்கள். அனுப்பியவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. இப்படியே கட்டுக்கட்டாகச் சாட்சியம் சேர்த்தார்கள்.

1924 மார்ச்சில் வலை வீசப்பட்டது. இந்தியாவில் மகாராஜாவின் ஆட்சியைப் பறிக்கச் சதி செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. இந்தியத் தண்டனைச் சட்டம் 121-ஏ பிரிவு. கான்பூர் போல்ஷ்விக் சதி வழக்கு என்று அதற்குப் பெயர். குற்றவாளிப் பட்டியலில் எம்.என்.ராய், டாங்கே, முசாபர் அகமது, சவுகத் உஸ்மானி, நளினி குப்தா ஆகியோருடன் சிங்காரவேலர் பெயரும் இருந்தது. சென்னையில் அவர் கைதானார்.

ஆனால் அவருக்கு உடம்பு சரியில்லை. கான்பூர் வரை ரெயிலில் கொண்டுபோகிற நிலைமை இல்லை. வயது 64. ஜாமீனில் விட்டார்கள். கடைசியில் அவர் மீதான வழக்கு கைவிடப்பட்டது. எம்.என்.ராய் ஐரோப்பாவில் இருந்ததால் போலீஸ் கையில் சிக்கவில்லை. கூண்டில் நின்ற டாங்கே, முசாபர் அகமது, உஸ்மானி, நளினி குப்தா ஆகிய 4 பேருக்கும் ஆளுக்கு 4 ஆண்டு கடுங்காவல். தீர்ப்பு சொன்ன ஜட்ஜ் பெயர் ஹோம். சவுரி சவுரா வழக்கில் 172 பேருக்குத் தூக்கு என்று எழுதிய அதே ஜட்ஜ்தான். (மேல் கோர்ட்டில் பெரும்பாலோர் தூக்கிலிருந்து தப்பினார்கள்.)

தப்பித்தோம் பிழைத்தோம் என்று சும்மா இருப்பாரா சிங்காரவேலர்? எந்த ஊரில் அவர் மீது வழக்குப் போட்டார்களோ, அதே கான்பூருக்கு அடுத்த வருஷமே போனார். 1925 டிசம்பர் கடைசி வாரத்தில் அங்கே கம்யூனிஸ்டுகளின் முதல் அகில இந்திய மாநாடு. லண்டனில் பார்லிமெண்டு மெம்பராக இருந்த சக்லத்வாலாவைத் தலைமை தாங்கக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் வரவில்லை. சென்னைக் கிழவர் தலைமை தாங்கினார்.

அங்கே தீண்டாமை பற்றியும் பேசினார். கோவில் கதவைத் திறந்துவிட்டால் மட்டும் தீண்டாமை போய்விடாது, கூலியும் நிலமும் கிடைத்தால்தான் போகும் என்பது அவருடைய கட்சி. இந்திய கம்யூனிஸ்டு கட்சி தன் பிறந்த நாளாகக் கணக்கு வைப்பது அந்த மாநாட்டைத்தான். மார்க்சிஸ்டு கட்சி மட்டும் 1920-ல் தாஷ்கண்டில் பிறந்ததாகக் கணக்குச் சொல்லும். அது அவர்களுக்குள் உள்ள விவகாரம்.

கவுன்சிலர்

இதற்கு நடுவில் சென்னை மாநகராட்சி கவுன்சிலராகவும் ஆனார். 1913-ல் திறக்கப்பட்ட ரிப்பன் கட்டிடம் அப்போது புதுக் கருக்கு மாறாமல் இருந்தது. கான்பூரில் ராஜத்துரோகக் குற்றவாளி, இங்கே நகர சபை உறுப்பினர்! ஒரே ஆளுக்கு 2 வேஷம். குடிசைவாசிக்குத் தண்ணீரும் விளக்கும் கிடைக்க வேண்டும் என்று வாதாடுவதும், மகாராஜாவின் ஆட்சி போக வேண்டும் என்று வாதாடுவதும் அவருக்கு ஒன்றுதான்.

1927-ல் வடக்கே கரக்பூரில் வங்காள-நாகபுரி ரெயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அங்கே போய்ப் பேசினார். அதே வருஷம் சென்னையில் பர்மா ஆயில் கம்பெனி வேலைநிறுத்தத்திலும் இறங்கினார்.

ரெயில் வேலைநிறுத்தம்

அவரைக் கவிழ்த்தது 1928-ம் ஆண்டு ரெயில் வேலைநிறுத்தம்.

தென்னிந்திய ரெயில்வே என்பது அப்போது ஒரு பிரிட்டிஷ் கம்பெனி. எழும்பூரில் புறப்பட்டு திருச்சி, மதுரை, தூத்துக்குடி, ராமேசுவரம் என்று தெற்கே முழுக்க அதன் ரெயில்தான். நாகப்பட்டினம், போத்தனூர் ஆகிய ஊர்களில் இருந்த தொழிற்சாலைகளைத் திருச்சி பொன்மலைக்கு மாற்றக் கம்பெனி முடிவு செய்தது. மாற்றும்போது ஆளைக் குறைக்கவும் கணக்குப் போட்டது. 3 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போகும் என்று தெரிந்தது. பல வருஷம் வேலை பார்த்தவனைக் கூப்பிட்டு, உனக்கு வேலை தெரியுமா என்று பரீட்சை வேறு வைத்தார்கள். யாருக்குத்தான் கோபம் வராது?

சிங்காரவேலரும், முகுந்தலால் சர்க்காரும் தொழிலாளர்கள் பக்கம் வந்தார்கள். ஊர் ஊராகப் பேச்சு. ஜூலை 19-ந் தேதி நள்ளிரவில் வேலைநிறுத்தம் தொடங்கியது.

கம்பெனி மசியவில்லை. சர்க்கார் கம்பெனி பக்கம். ஸ்டேஷன்களில் போலீஸ் குவிப்பு. சில இடங்களில் ரெயில் கவிழ்ந்தது. தண்டவாளத்தைப் பெயர்த்தவன் யார் என்று போலீசார் வீடு வீடாகத் தேடினார்கள். துப்பாக்கிச்சூடு, தடியடி. வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே தலைவர்களை வாரிக்கொண்டு போனார்கள். சிங்காரவேலரும் கைதானார். வழி நடத்த ஆள் இல்லாமல் ஜூலை 30-ந் தேதி வேலைநிறுத்தம் முடிந்தது. தொழிலாளர்கள் தோற்றார்கள். அதை மூடி மறைக்க முடியாது. வேலை போனவர்களின் குடும்பங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

தலைவர்கள் மீது சதி வழக்கு. இந்தத் தடவை ஜாமீன், உடம்பு சரியில்லை என்ற பேச்சு எதுவும் எடுபடவில்லை. சிங்காரவேலருக்கும் முகுந்தலால் சர்க்காருக்கும் ஆளுக்கு 10 ஆண்டு ஜெயில். பெருமாள் என்பவருக்கு ஆயுள் தண்டனை.

68 வயதுக்காரருக்கு 10 ஆண்டு என்றால் என்ன அர்த்தம்? வெளியே வரும்போது 78. அன்றைய ஜெயில், அன்றைய சாப்பாடு. உயிரோடு வருவார் என்று யார் எதிர்பார்த்திருப்பார்கள்? சட்டம் படித்து, அங்கி போட்டு, மற்றவனுக்காக வாதாடிய மனிதர் கைதி உடையில் நின்றார். 7 வருஷத்துக்கு முன்பு அங்கியைக் கொளுத்தாமல் இருந்திருந்தால், கூண்டுக்கு வெளியே நின்று பீஸ் வாங்கிக்கொண்டு பேசியிருக்கலாம்.

அப்பீல் நடந்தது. தண்டனை 18 மாதமாகக் குறைந்தது. 1930 ஆகஸ்டில் விடுதலையானார். வயது 70.

பெரியாருடன்

வெளியே வந்தவர் பேனாவை எடுத்தார். பெரியாரின் 'குடி அரசு' பத்திரிகையில் தொடர்ந்து எழுதினார். சாமி, பேய், சகுனம், ஜாதகம் எல்லாவற்றையும் விஞ்ஞானத்தை வைத்து விசாரித்தார். கிரகணம் ஏன் பிடிக்கிறது, நட்சத்திரம் எவ்வளவு தூரம் என்று படிக்காதவனுக்கும் புரிகிற மாதிரி எழுதிய ஆட்கள் தமிழில் அன்றைக்குக் குறைவு.

பெரியார் 1932-ல் ரஷ்யாவைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அந்த டிசம்பரில் ஈரோட்டில் பெரியார் வீட்டில் கூட்டம். சுயமரியாதை இயக்கத்துக்குப் பொதுவுடைமைத் திட்டம் ஒன்று தயாரானது. தயாரித்ததில் முக்கியமான கை சிங்காரவேலருடையது. 'ஈரோட்டுத் திட்டம்' என்பார்கள்.

அது நீடிக்கவில்லை. 1934-ல் சர்க்கார் கம்யூனிஸ்டு கட்சிக்குத் தடை போட்டது. சுயமரியாதை இயக்கத்தின் மீதும் அடக்குமுறை பாய்ந்தது. பெரியார் பொதுவுடைமைப் பிரசாரத்தை நிறுத்தி வைத்து, சமுதாய சீர்திருத்தமே முதல் வேலை என்று திரும்பினார். சிங்காரவேலருக்கு அதில் சம்மதம் இல்லை. இருவரும் வேறு வேறு வழியில் போனார்கள். யார் சொன்னது சரி என்று இன்றைக்கும் இரண்டு பக்கத்துக்காரர்களும் சண்டை போடுகிறார்கள்.

கடைசிக் கூட்டம்

அதன் பிறகு உடம்பு தளர்ந்தது. வாலிபர்கள் வந்தார்கள், கட்சி அவர்கள் கைக்குப் போனது. கிழவர் புத்தகங்களோடு இருந்தார். 1942-ல் கட்சி மீதான தடை நீங்கியது.

1945-ல் சென்னை அச்சுத் தொழிலாளர்கள் கூட்டம் ஒன்று நடத்தினார்கள். எழுத்துக் கோக்கிறவர்கள், மெஷின் ஓட்டுகிறவர்கள், பைண்டிங் பார்க்கிறவர்கள். அந்தக் கூட்டத்துக்கு 85 வயது சிங்காரவேலர் வந்தார். பேசினார். அவர் பேசிய கடைசிப் பொதுக்கூட்டம் அதுதான்.

1946-ம் ஆண்டு பிப்ரவரி 11-ந் தேதி காலமானார். இன்னும் 7 நாள் இருந்திருந்தால் 86 முடிந்திருக்கும். அந்த 18-ந் தேதி பம்பாய் துறைமுகத்தில் இந்தியக் கடற்படை மாலுமிகள் வெள்ளைக்கார அதிகாரிகளை எதிர்த்து வேலைநிறுத்தம் தொடங்கினார்கள்.

ஐகோர்ட்டுக்குப் பக்கத்தில், ராஜாஜி சாலையில் உள்ள சென்னை கலெக்டர் அலுவலகக் கட்டிடத்துக்கு 'சிங்காரவேலர் மாளிகை' என்று பெயர். மனு எழுதிக்கொண்டு ஜனங்கள் அங்கே வருகிறார்கள்.